பைன் கட்டிய பிறகும் முடியாத வழக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 19 ஆண்டுகளாக உடற்கல்வி இயக்குநராகப் பணிபுரிகிறேன். எங்கள் கால்பந்து அணியில் எந்த ஆண்டும் பாதிப்பேர் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை போன்ற மேற்குக் கடலோர ஊர்களின் பிள்ளைகளாகவே இருப்பார்கள். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்த அவர்களுக்குப் பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் அந்த ஊர்களில் இருந்து எத்தனையோ பேரைக் கடலோடு கொண்டுபோன பிறகு, மகன் கரையிலேயே ஒரு வேலைக்குப் போக வேண்டும் என்று நினைக்காத தாய் அங்கே இல்லை. ரயில்வே, காவல்துறை, துணை ராணுவப் படை என்று எங்கேனும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்துவிடாதா என்பதே அந்த வீடுகளின் பேச்சு.

2018 டிசம்பரில் ஓர் இரவு, எங்கள் அணியைச் சேர்ந்த ஒன்பது பேரைப் போலீசார் ஒரு விருந்தில் இருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த இரவில் பிள்ளைகள் செய்தது தவறுதான். ஆனால் அவர்களில் ஒருவனுடைய வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது அந்த விருந்து அன்று; அதற்குப் பிறகு நானும் அவனுடைய வீட்டாரும் அறியாமையால் செய்தவைதான். அதே இடத்தில் இன்னோர் ஆசிரியரோ தகப்பனோ நிற்க நேர்ந்தால் உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் வென்ற மறுநாள் அது. ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருந்த ஒரு வீட்டை மூத்த மாணவர்கள் ஒரு நாள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அணியில் ‘ஜெர்சி நனைப்பது’ என்று ஒரு வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. முதன்முறையாக ஜெர்சி வாங்கியவன் மூத்தவர்கள் ஊற்றிக் கொடுக்கும் டம்ளரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். மறுத்தால் அடுத்த ஆட்டத்தில் அவன் கால்களுக்குப் பந்து வராது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், ‘பயல்கள் சமாச்சாரம், நாம் தலையிட்டால் அணியின் ஒற்றுமை கெடும்’ என்று கண்டுகொள்ளாமல் இருந்தேன். தமிழ்நாட்டில் ராகிங் எனப்படும் கேலிவதைக்கு எதிரான சட்டம் 1997ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கட்டாயப்படுத்தி ஒரு மாணவனைக் குடிக்க வைப்பது கேலிவதை அல்லாமல் வேறு என்ன? விடுதியில் நடந்திருந்தால் நானே புகார் எழுதியிருப்பேன். அணிக்குள் நடந்ததால் அதற்குப் ‘பாரம்பரியம்’ என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இரவு பத்தரை மணிக்கு மேலும் ஒலிபெருக்கி அலறியிருக்கிறது. பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருந்திருக்கிறார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தும் கேட்காததால் அவருடைய மகன் 100க்கு அழைத்திருக்கிறார். போலீஸ் வந்தபோது நான்கு பேர் சாலையில் நின்று அந்த மகனோடு வாய்த்தகராறில் இருந்தார்கள்; மற்ற ஐந்து பேர் தோப்புக்குள் இருந்தார்கள். வந்தவர்கள் ஒன்பது பேரையும் சேர்த்தே அழைத்துச் சென்றார்கள். யாரையும் அடிக்கவில்லை, தகாத வார்த்தை பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அழைப்பு வந்தபோது மணி 11.50. நாகர்கோவிலில் இருந்து பைக்கில் போய்ச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடியதுதான். அண்ணா விளையாட்டு அரங்கத்தில் காலையில் நடக்க வரும் ஒரு போலீஸ்காரரைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. ‘சார், எப்படியாவது பார்த்து விடுங்க, பிள்ளைகளுக்க எதிர்காலம்’ என்று கெஞ்சினேன். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கைது செய்திருக்கிறீர்களா, விசாரணைக்கு அழைத்து வந்திருக்கிறீர்களா? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? ஜாமீனில் விடத்தக்கதா? இந்த மூன்றையும் நான் கேட்கவேயில்லை. கெஞ்சுகிறவருக்கு இரக்கம் வேண்டுமானால் கிடைக்கும். விவரம் கேட்கிறவருக்குத்தான் விவரம் கிடைக்கும்.

நிலையத்தின் முன்னறையில் ரைட்டர் நீண்ட தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே வாசகம். எங்கள் கோல்கீப்பரின் முறை வந்தது. அவன் குடிக்கிறவன் அல்லன். அவனுடைய சித்தப்பா குடியால் குடும்பத்தைக் கெடுத்துவிட்டு இறந்துபோனவர். வாயருகே போய் மோந்தால்கூட மீன் வறுவல் வாசனை தவிர வேறில்லை. ‘சார், நான் குடிக்கல்ல’ என்றான். ரைட்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ‘எல்லாரும் அதைத்தான் சொல்லுகான்’ என்று எழுதிக்கொண்டே போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த நிமிடத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது மருத்துவப் பரிசோதனை. குடித்தவனைக் கண்டுபிடிக்கத்தான் பரிசோதனை என்று நாம் நினைக்கிறோம். குடிக்காதவனுக்குத்தான் அது அதிகம் தேவை. கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்பதும், அந்த அறிக்கையின் நகல் அவருக்கே தரப்பட வேண்டும் என்பதும் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் இருந்தன. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவிலும் இருக்கின்றன. சாலையில் நின்ற நான்கு பேரை மட்டும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்கினார்கள். மற்றவர்களையும் அழைத்துப் போங்கள் என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், கோல்கீப்பரின் கையில் ‘மது அருந்தியதற்கான அறிகுறி இல்லை’ என்ற ஒரு தாள் இருந்திருக்கும்.

ஒரு மணிக்கு மேல் ஒரு தாய் வந்தார். முதலாமாண்டுப் பையனின் அம்மா, மீன் விற்பவர். இன்னும் இரண்டு மணி நேரத்தில் தேங்காய்ப்பட்டணத்து ஏலத்துக்குப் போக வேண்டியவர் என்பதால் மீன் கூடையையும் ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். நிலையத்துக்குள் வராமல் வேப்ப மரத்தடியில் நின்று என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: ‘சாரே, எனக்க பிள்ளைக்க பேர எழுதிட்டாவளா?’ அடித்தார்களா, சாப்பிட்டானா, எப்போது விடுவார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்படும் அந்த அம்மாவுக்கு, அன்றிரவு எங்கள் எல்லாரையும்விட ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: எழுதப்படுவதுதான் விஷயம்.

அந்தப் பையனுக்குப் பதினெட்டு நிறைய நான்கு மாதம் இருந்தது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் சரியாக நடந்துகொண்டேன். போட்டித் தகுதிப் படிவத்துக்காக எல்லாப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் என் கைபேசியில் படமாக இருந்தது. அதைக் காட்டியதும் பேச்சே மாறியது. 18 வயது நிறையாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சிறு குற்றமாக இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதியாமல் பொது நாட்குறிப்பில் குறித்து, பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பெயரையும் படத்தையும் யாரும் வெளியிடக் கூடாது. இவையெல்லாம் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் சொல்பவை. வயதுக்கு முதல் ஆதாரமாகப் பள்ளிச் சான்றையே அந்தச் சட்டம் ஏற்கிறது. கல்லூரி முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் ஏராளம் என்பதைப் போலீசார் மட்டும் அல்ல, நாமும் மறந்துவிடுகிறோம். ரைட்டர் அந்தத் தாளை எடுத்து ஒரு பெயரை அடித்தார். அந்த அம்மா மகனை அழைத்துக்கொண்டு அதே ஆட்டோவில் ஏலத்துக்குப் போனார்.

மீதி எட்டுப் பேரையும் விடியும் முன்பே நிலைய ஜாமீனில் விட்டார்கள். கைதுக் குறிப்பாணையில் சாட்சியாக என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் குறித்திருந்த நேரத்தைக்கூட நான் படிக்கவில்லை. அந்தக் குறிப்பாணை சடங்கு அன்று. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளில் இருந்து சட்டத்துக்குள் வந்தது அது. கைதானவரை நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கணக்கே, எந்த நேரத்தில் கைது என்பதை வைத்துத்தான் தொடங்குகிறது. பிள்ளைகளில் இருவர் கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போலீசாரிடம் விசாரணையில் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்திடக் கூடாது என்பதே சட்டம். இதை நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், எனக்கே தெரிந்திருந்தால்.

நீதிமன்றத்துக்கு வரச் சொன்ன நாளில் நான் போகவில்லை; அன்று தேர்வுப் பணி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கோல்கீப்பரோடு அவனுடைய தாய்மாமா போயிருந்தார். ‘பெட்டி கேஸ்தான். ஒத்துக்கிட்டா பைன் போட்டு விட்டுருவாவ. இல்லன்னா வாய்தா வாய்தான்னு அலையணும்’ என்று வாசலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, குடிக்காத அந்தப் பையன் ‘ஆமா’ என்று சொன்னான். அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, மாமா எனக்குப் போன் செய்தார்: ‘பைன் கட்டியாச்சு சார், இனி ஒண்ணும் இல்ல.’ நானும் ‘நல்லது’ என்றேன்.

‘பைன் கட்டினால் வழக்கு முடிந்தது’ என்ற அந்த வாக்கியத்தைத்தான் நம் ஊரில் எல்லாரும் நம்புகிறோம். வழக்கு முடிந்தது உண்மை. ஆனால் தண்டனையில் முடிந்தது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால், குற்றவாளி என்று தீர்ப்பாகி, அந்தத் தீர்ப்பின் தண்டனையாக அபராதம் செலுத்துவது. தொகை நூறு ரூபாயானாலும் ஆயிரம் ரூபாயானாலும் அதன் பெயர் தண்டனைதான். இன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவின்படி, குடிபோதையில் பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தந்தால் 24 மணி நேரம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. ‘சமூக சேவைதானே’ என்று மகிழ்கிறவர்களையும் பார்க்கிறேன். அதுவும் தண்டனைப் பட்டியலில் உள்ளதுதான்.

2022இல் அந்தக் கோல்கீப்பருக்கு ஒரு சீருடைப் பணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் தேர்வானதாகக் கடிதம் வந்தது. அவன் அம்மா எனக்குச் சக்கைப் பழம் கொண்டுவந்து தந்தார். அடுத்து வந்தது சான்றுரைப் படிவம். அதில் கேள்விகள் தனித்தனியாக இருக்கும்: எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டதா? நீதிமன்றத்தால் அபராதம் விதிக்கப்பட்டீர்களா? குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டீர்களா? எல்லாவற்றுக்கும் அவன் ‘இல்லை’ என்று எழுதினான். பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. ஹெல்மெட் போடாமல் கட்டுகிற பைனைப் போன்றது அது என்று உண்மையாகவே நம்பினான். நாங்கள்தானே அப்படிச் சொல்லிக் கொடுத்தோம்! அந்தப் படிவம் சரிபார்ப்புக்காக உள்ளூர் நிலையத்துக்கு வந்தது. நிலையப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்தது. தகவலை மறைத்தார் என்ற காரணத்தால் நியமனம் ரத்தானது.

அதே ஆண்டில் அதே வழக்கில் பைன் கட்டிய இன்னொருவனுக்கும் வேறொரு பணியில் அழைப்பு வந்தது. அவன் அன்று உண்மையிலேயே குடித்திருந்தவன். சாலையில் நின்று சண்டை போட்ட நால்வரில் ஒருவன். ஆனால் அவனுடைய அக்கா ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறார். அவர் சொன்னபடி நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, ‘ஆம்’ என்று எழுதி, நகலை இணைத்து, நடந்ததை அரைப் பக்கத்தில் விளக்கியிருந்தான். நான்கு மாதம் இழுத்தடித்தார்கள், நேரில் அழைத்து விளக்கம் கேட்டார்கள், பிறகு எடுத்துக்கொண்டார்கள். குடித்தவன் வேலைக்குப் போனான், குடிக்காதவன் வீட்டில் இருக்கிறான் என்ற கணக்கு இன்றும் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கிறது. படிவத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அடிப்படை. ஆனாலும் இளவயதில் நடந்த அற்பமான வழக்காக இருந்தால், மறைத்திருந்தாலும்கூட வேலை தருபவர் அதை மன்னிக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு இடம் தருகிறது. அதைக் காட்டி மனு எழுதினோம். ‘மன்னிக்கலாம்’ என்பது அவர்களுடைய விருப்புரிமை. மன்னிக்கவில்லை. அவனிடம் மருத்துவச் சான்று இருந்திருந்தால், அல்லது அவன் அன்று ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால், அந்த மனுவுக்கு வேறு பலம் இருந்திருக்கும்.

ஒப்புக்கொள்ளாமல் இருக்க வழக்கறிஞருக்குப் பணம் வேண்டுமே என்பார்கள். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், 18 வயது நிறையாதவருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உண்மையிலேயே தவறு செய்தவனுக்கும் ஒரு வழி உண்டு. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, முன்பு தண்டனை பெறாதவரைச் சிறு குற்றங்களில் அபராதம் இல்லாமல் கண்டித்து விடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அப்படி விடப்பட்டால், அந்தத் தீர்ப்பினால் வரக்கூடிய தகுதியிழப்பு அவரைத் தொடராது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. படிவத்தில் அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதும்போது கை நடுங்காது. இதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று பைகளைச் சோதித்தபோது கஞ்சா எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் எழுதுவதே வேறாக இருந்திருக்கும். 1 கிலோ வரை ‘சிறு அளவு’ என்று போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சொல்வதை வைத்து, ஒரு பொட்டலம் ஒன்றும் செய்யாது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சிறு அளவுக்கே 1 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு, புகைத்ததற்கு மட்டும் 6 மாதம் வரை உண்டு. பழக்கத்துக்கு ஆளான பிள்ளை தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால் சிறு அளவு வழக்கில் பாதுகாப்புத் தரும் 64ஏ பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. விளையாட்டு வீரனுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு: போட்டி நேரத்தில் ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த மாதிரியில் கஞ்சா தெரிந்தால், போட்டிக்கு வெளியே புகைத்தது என்று நிரூபித்தாலும் மூன்று மாதத் தடை, சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அது ஒரு மாதமாகக் குறையலாம்.

கல்லூரியில் எட்டுப் பேரையும் அணியில் இருந்து நிரந்தரமாக நீக்க வேண்டும் என்றார்கள். எழுத்தில் விளக்கம் கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்த பிறகு, யார் ஊற்றிக் கொடுத்தார், யார் குடித்தார், யார் வெறுமனே இருந்தார் என்பது தெரிந்தது. ஊற்றிக் கொடுத்த மூவருக்கு ஓர் ஆண்டுத் தடை. ‘ஜெர்சி நனைப்பது’ அன்றோடு நின்றது. இப்போது புதிய ஜெர்சியை மைதானத்தில், வீட்டாரின் முன்னால், முன்னாள் வீரர் ஒருவர் கையால் கொடுக்கிறோம். சில ஆண்டுகளாக அதைக் கொடுப்பவன் அந்தக் கோல்கீப்பர்தான். வாரநாள்களில் மாமாவின் விசைப்படகில் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தருகிறான்.

ஒவ்வொரு ஜூலையிலும் பயிற்சி தொடங்கும் முதல் நாளில், பந்தை எடுப்பதற்கு முன் அந்தச் சான்றுரைப் படிவத்தின் நகலை ஆளுக்கொன்று கொடுத்துக் கேள்வி கேள்வியாக வாசிக்க வைக்கிறேன். அவரவர் பத்தாம் வகுப்புச் சான்றைக் கைபேசியில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். சென்ற ஆண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். ‘சார், மார்த்தாண்டத்துல வச்சு ஹெல்மெட்டுக்கு ஒரு பைன் கட்டியிருக்கேன். அதையும் எழுதணுமா?’ இடத்திலேயே சமரசமாகக் கட்டிய போக்குவரத்துத் தொகை வேறு, நீதிமன்றம் விதித்த அபராதம் வேறு என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள், ஓரத்தில் நின்ற கோல்கீப்பர் அவனிடம் போனான். ‘ரசீது இருக்கா மக்கா?’ பையன் கைபேசி உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தான். அவன் அதைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தான்.